ஒரு பவுண்டு வரிக்காக ஜான் ஹாம்ப்டன் ஏன் வழக்காடினார்?

பாளை மாணவி:
வணக்கம். எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். ஜான் ஹாம்ப்டன் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் பெரிய நிலக்கிழார், நாடாளுமன்ற உறுப்பினர், பின்னாளில் ராஜாவை எதிர்த்துப் படை நடத்திய ஆலிவர் கிராம்வெல்லுக்கு அத்தை மகன். ஸ்டோக் மாண்டவில் நிலத்துக்கு அவருக்கு வந்த கப்பல் வரி 20 ஷில்லிங், அதாவது ஒரே ஒரு பவுண்டு. கட்டிவிட்டுப் போகாமல் 1637-ல் ராஜாவோடு வழக்காடித் தோற்றும் போனார். அப்புறம் ஏன் இந்தக் கொண்டாட்டம்? நம்ம கட்டபொம்மன் கிஸ்தி மறுத்தது மாதிரியா?

அம்பை அண்ணாச்சி:
தொகையைப் பார்க்காதம்மா, யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்று பார். போர்க்காலத்தில் கடலோர ஊர்களிடம் வாங்குகிற வரி அது. ராஜா முதலாம் சார்லஸ் 1634-ல் அதைக் கையில் எடுத்து, அடுத்த வருஷமே கடல் வாடையே இல்லாத உள்நாட்டுக்கும் நீட்டிவிட்டார். தூத்துக்குடியில் கப்பல் கட்ட அம்பாசமுத்திரத்து வயலுக்குத் தீர்வை கேட்டால் சும்மா இருப்போமா? 1629-ல் கலைத்த நாடாளுமன்றத்தை 1640 வரை அவர் கூட்டவே இல்லை. இன்றைக்கு ஒரு பவுண்டைத் தன் இஷ்டத்துக்கு வாங்குகிறவர் நாளைக்கு நூறு கேட்டால் யார் தடுப்பது? 12 நீதிபதிகளில் 7 பேர் ராஜா பக்கம், 5 பேர் ஹாம்ப்டன் பக்கம். ராஜா நியமித்தவர்களிலேயே 5 பேர் எதிர்த்தார்கள் என்றதும் ஊரே துணிந்துவிட்டது, வசூல் படுத்துவிட்டது. 1641-ல் நாடாளுமன்றம் அந்த வரியைச் சட்டவிரோதம் என்று ஒழித்தது. இதைத் தோல்வி என்று எழுதினால் எனக்கு மனசு ஒப்பாது.

கயத்தாறு வாசகர்:
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் கட்டபொம்மனோடு சேர்க்க வேண்டாம் தங்கச்சி. அவரை 1799-ல் தூக்கில் போட்ட ஊர்க்காரன் சொல்கிறேன். பாஞ்சாலங்குறிச்சியில் எழுந்த கேள்வி, கும்பினிக்கு இந்த மண்ணில் என்ன பாத்தியதை என்பது. ஹாம்ப்டன் ராஜாவை ராஜா இல்லை என்று சொல்லவில்லை, நாடாளுமன்றம் சம்மதிக்காமல் வரி கூடாது என்றார். அந்த நாடாளுமன்றமும் சொத்துக்காரர்கள் சபைதான், கூலி வேலை செய்தவனுக்கு அங்கே ஓட்டு கிடையாது. அதற்காக அவர் துணிச்சலைக் குறைக்க முடியாது, ராஜா கேட்ட கட்டாயக் கடனைக் கொடுக்க மறுத்து 1627-லேயே சிறைக்குப் போனவர்.

பாளை மாணவி:
ரொம்ப நன்றி. ராஜா சபைக்குள்ளேயே பிடிக்க வந்தாராமே, அதிலும் இவர் உண்டா?

அம்பை அண்ணாச்சி:
உண்டு. 1642 ஜனவரி 4, சார்லஸ் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து தேடிய ஐந்து பேரில் ஒருவர். சேதி முன்கூட்டியே கிடைத்ததால் ஐவரும் நழுவிவிட்டார்கள். ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் வந்ததும், நாடாளுமன்றத்துக்காகத் தானே படை திரட்டினார். 1643 ஜூன் 18, சால்குரோவ் சண்டையில் தோளில் காயம், ஆறாம் நாள் தேம் என்ற ஊரில் உயிர் போயிற்று. சார்லஸ் தலை விழுந்தது 1649-ல், அதைப் பார்க்க அவர் இல்லை.