குடும்பக் குழு: அல்லிஹீஸ் வீட்டைத் தேடி

ரம்யா: சித்தி, மாமா, செப்டம்பர்ல அயர்லாந்து வர்றோம். இவரோட கொள்ளுத்தாத்தா பிறந்த வீடு இருந்த இடத்தை மாமனார் பார்க்கணுமாம். ஜெரமையா சல்லிவன், 1866 வாக்குல பிறந்தவர். அமெரிக்காவுல, மொன்டானா மாநிலத்துப் பியூட் ஊர்த் தாமிரச் சுரங்கத்துல வேலை. கல்லறையில "கவுன்டி கார்க்"னு மட்டும் இருக்கு.

டப்ளின் சித்தி: கார்க்னா அப்படியே நம்பிடாதம்மா. கப்பல் ஏறின குயின்ஸ்டவுன் துறைமுகம் (இப்ப கோவ்) கார்க்ல இருக்கறதால வேற கவுன்டிக்காரங்களும் கார்க்னு எழுதி வச்சிருக்காங்க.

கால்வே மாமா: ஆனா சல்லிவன், பியூட், தாமிரம் மூணும் சேர்ந்தா முதல்ல கார்க் மேற்குல இருக்கற பேரா தீபகற்பத்தைப் பாரு. அங்க அல்லிஹீஸ் தாமிரச் சுரங்கம் 1884ல மூடினதும் நிறைய பேர் பியூட்டுக்குப் போனாங்க.

டப்ளின் சித்தி: 1864லேர்ந்து எல்லாப் பிறப்பும் அரசாங்கப் பதிவு. ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ-யில இலவசம். மாவட்டம் "காசில்டவுன்"னு போடு. வயசை நம்பாம 1864-லேர்ந்து 1870 வரைக்கும் தேடு. ஜெரமையாவோட நிக்காத, டார்பி, டெர்மட்னும் போட்டுப் பாரு, அங்க மூணும் ஒரே பேர்தான். சல்லிவனுக்கு முன்னாடி "ஓ" சேர்த்தும் சேர்க்காமலும் தேடு. பட்டியலை மட்டும் பார்க்காம பதிவுப் பக்கத்தோட படத்தைத் திற. பிறந்த இடம்னு எழுதியிருக்கறதுதான் டவுன்லேண்ட். பேர்ல டவுன் இருந்தாலும் அது ஊர் இல்ல, நிலத்தோட கடைசி உட்பிரிவு. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல இருக்கு.

டப்ளின் சித்தி: இன்னொண்ணு, தாமதமாப் பதிஞ்சா அபராதம். அதனால பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்லுவாங்க. ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதிக்கு முன்னாடி இருந்தா ஆள் மாறிடுச்சுன்னு ஒதுக்கிடாத. முதல் குழந்தைன்னா பிறந்த இடம்னு இருக்கறது தாய் வீட்டு டவுன்லேண்டாவும் இருக்கலாம். அடுத்த குழந்தைங்களோட பதிவையும் எடு.

_(மறுநாள்)_

ரம்யா: கிடைச்சிடுச்சு சித்தி! 1867, அல்லிஹீஸ் பக்கத்து டவுன்லேண்ட். அடுத்த ரெண்டு குழந்தைக்கும் அதே இடம். அப்பா கார்னீலியஸ். ஆனா கிரிஃபித் வேல்யுவேஷன்ல (யார்கிட்ட எந்த நிலம், வீடு இருந்ததுன்னு வரிக்காக எடுத்த பழைய பட்டியல்) அந்த டவுன்லேண்ட்ல மூணு கார்னீலியஸ் சல்லிவன் இருக்காங்க 😕 ஒருத்தர் பேர் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள இன்னொரு பேர் வேற.

கால்வே மாமா: அந்த அடைப்புக்குறி உனக்கு வரப்பிரசாதம். ஒரே பேர்ல நிறைய பேர் இருந்தா அப்பா பேரையோ, தலைமுடி நிறத்தையோ, கிளைக் குடும்பப் பேரையோ போட்டுத்தான் பிரிச்சாங்க. கல்யாணப் பதிவுல கார்னீலியஸோட அப்பா பேர் இருக்கும், ஒப்பிட்டுப் பாரு.

கால்வே மாமா: இப்ப கிரிஃபித் பட்டியல்ல அவர் பேர் இருக்கற வரியைப் படி. இடது ஓர எண் வீட்டு எண் இல்ல, நிலத் துண்டோட எண். பெரிய எழுத்து ஏ, பி வந்தா ஒரே ஆளோட தனித்தனித் துண்டுகள். சின்ன எழுத்துதான் வீடு. வரைபடத்துல அதே சின்ன எழுத்துப் பக்கத்துலதான் கட்டடம் இருக்கும். ஒரே எண்ணுக்குப் பக்கத்துல நெளிவு அடைப்பு போட்டு நாலஞ்சு பேர் இருந்தா கூட்டுப் பயிர், வீடுங்க கொத்தா இருக்கும். அப்ப அந்தச் சின்ன எழுத்தை விட்டா வேற வழி இல்ல.

டப்ளின் சித்தி: "ஹவுஸ், ஆஃபீஸஸ் அண்ட் லேண்ட்"னு இருக்கும். ஆபீஸ்னா மாட்டுக் கொட்டகை, தானியக் கொட்டகைதான்.

கால்வே மாமா: எல்லாரும் சறுக்கற இடம் இதுதான்: இணையத்துல கூடவே வர்ற வரைபடம் பல இடத்துல அச்சுப் புத்தகத்துக்குப் பிந்தின திருத்தப் பிரதி. எண்கள் மாறியிருக்கும். எண்ணை விட்டுட்டுப் பரப்பளவை வச்சுப் பொருத்து. 6 2 15னா 6 ஏக்கர், 2 ரூட், 15 பெர்ச். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். 1820, 30கள்ல தேவாலய வரிக்காக எழுதின டைத் புத்தகத்தோட ஒப்பிட்டா அங்க ஐரிஷ் ஏக்கரா இருக்கலாம், 1.62-ஆல பெருக்கு.

ரம்யா: அடைப்புக்குறிக்காரர் இல்ல மாமா, அப்பா பேர் ஒத்து வரல. மிச்சம் ரெண்டு பேர்ல யார்னு எப்படித் தெரியும்?

டப்ளின் சித்தி: திருத்தப் புத்தகத்தைப் பாரு, கிரிஃபித்துக்கு அப்புறம் நிலம் கை மாறினதை எழுதி வச்ச புத்தகம் அது. ஆள் மாறினா பழைய பேரை அடிச்சுட்டு ஒரு நிற மையில புதுப் பேர், அதே நிறத்துல ஓரத்துல வருஷம். அப்படியே 1901 வரைக்கும் வா. அந்தக் குடும்பத்தை 1901 கணக்கெடுப்புல தேடு. பி1 படிவத்துல கூரை ஓலையா ஸ்லேட்டா, முன்பக்கம் எத்தனை ஜன்னல், நிலம் யார் பேர்லன்னு இருக்கும். அதுல வர்ற வீட்டு எண்ணும் கணக்கெடுப்பாளர் போன வரிசைதான். பெத்தவங்களோ தம்பிங்களோ யார் வீட்டுல இருக்காங்களோ அதுதான் உங்க வீடு. திருத்தப் புத்தகம் வச்சிருந்த வேல்யுவேஷன் ஆபீஸ் 2023ல தால்ச்சா ஏரனோட சேர்ந்துடுச்சு, அங்க கேளு.

கால்வே மாமா: கடைசியா பழைய 25 அங்குல வரைபடத்தை (ஒரு மைலுக்கு 25 அங்குல அளவுல வரைஞ்சது) இன்றைய செயற்கைக்கோள் படத்து மேல வச்சு ஜிபிஎஸ் புள்ளியைக் குறிச்சுக்கோ. நேர்ல சுவர் இடுப்பளவு கூட இருக்காது. புல்வெளி நடுவுல செந்தட்டி அடர்ந்த திட்டு தெரிஞ்சா அங்க நின்னு பாரு. மனுஷரும் மாடும் இருந்த மண்ணுல பாஸ்பேட் தங்கும், அது அங்கதான் செழிக்கும்.

டப்ளின் சித்தி: நிலம் இப்ப யாரோடதாவது இருக்கும். வேலி தாண்டறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல கேட்டுட்டுப் போங்க. கேட்டைத் திறந்தா மறக்காம மூடணும், ஆடு வெளிய போயிடும். மாமனாருக்கு ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கோ ரம்யா.