புயல், வெள்ள நேரத்துல மாற்றுத்திறனாளிகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

வேளச்சேரி_வீல்சேர்
மிக்ஜாம். டிசம்பர் 4, 2023. தரைத்தளம், கரண்ட் இல்ல, மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். படகு வந்துச்சு. வந்த பசங்க தங்கமான பசங்க, அலேக்கா தூக்கிட்டாங்க. "என் வண்டி?"ன்னேன். "உயிர் முக்கியமாண்ணா, வண்டி முக்கியமா"ன்னு ஒருத்தர் சிரிச்சார். மோட்டார் வீல்சேர் வீட்டுக்குள்ளேயே தண்ணில நின்னுச்சு.

முகாம்னா ஒரு பள்ளிக்கூடம். பிளாஸ்டிக் சேர்ல உட்கார வச்சாங்க. டாய்லெட்டுக்குப் படி இறங்கணும், உள்ள இந்தியன் டைப். டீ, பிஸ்கெட், சாம்பார் சாதம்னு நீட்டிக்கிட்டே இருந்தாங்க. குடிச்சா போகணுமே, யாரைக் கூப்பிடுறதுன்னு எதையும் தொடல. பக்கத்துல இருந்த ஒரு அம்மா எல்லார்கிட்டயும், "பாவம், ரொம்ப பயந்துட்டார், சாப்பிடவே மாட்டேங்குறார்"னு சொல்லிட்டிருந்தாங்க. பயமில்லம்மா அது.

நாகை_பொண்ணு
கஜா, 2018 நவம்பர். அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் காது கேட்காது, வாய் பேச வராது. நான் திருச்சில ஹாஸ்டல். ஆட்டோவுல மைக் கட்டி, ஓட்டு வீடு, குடிசைல இருக்கிறவங்க மையத்துக்குப் போங்கன்னு தெருத்தெருவா சொல்லிட்டுப் போயிருக்காங்க. எங்க வீடும் ஓட்டு வீடுதான். அப்பா வாசல்ல நின்னு அந்த ஆட்டோவுக்குச் சிரிச்சுக்கிட்டே கையாட்டினாராம். ஓட்டு கேட்டு வர்ற வண்டின்னு நினைச்சிருக்கார். மைக் பிடிச்சவரும் பதிலுக்குக் கையாட்டிட்டுப் போயிட்டார்!

ராத்திரி பக்கத்து வீட்டுச் சித்தி வந்து ரெண்டு பேரையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. சித்தி அன்னிக்கு ஊர்ல இல்லாம இருந்திருந்தா? அதை மட்டும் யோசிக்கவே மாட்டேன்.

காசிமேடு_படகு
முதல் பதிவு போட்ட அண்ணனுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வண்டி பேட்டரியோட சேர்ந்தா ஒரு ஆள் கனத்துக்கு மேல வரும். அதை ஏத்தினா இன்னொரு வீட்டு ஆளை இறக்கணும். 2015 சென்னை வெள்ளத்துல நாங்க கடல் படகை லாரில ஏத்தி முடிச்சூர் பக்கம் கொண்டு வந்தவங்க. எங்களுக்கு யாரும் எந்த வீட்ல யார் இருக்காங்கன்னு பட்டியல் தரல. கத்துற சத்தம் வர்ற பக்கம் போனோம், அவ்ளோதான். போலியோ வந்த ஒரு அக்கா ஊன்றுகோலை விடவே மாட்டேன்னுட்டாங்க. அது இடிச்சு எங்க ஆள் ஒருத்தனுக்கு உதடு கிழிஞ்சது. சரி வச்சுக்கக்கான்னு விட்டோம். கனமில்லாத சாமான், ஏத்தலாம். எல்லாத்தையும் ஏத்த முடியாது.

வேளச்சேரி_வீல்சேர்
படகுல ஏத்தலன்னு எனக்குக் கோவமே இல்ல தம்பி. முகாம்ல தள்ளுற நாற்காலி ஒண்ணு கூட இல்லன்னுதான் சொன்னேன். அது படகுக்காரங்க வேலையா?

தாமிரபரணிக்காரன்
2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 94 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்ச மழை. டிவில எல்லாம் ஸ்ரீவைகுண்டத்துல நின்ன ரயிலையே காட்டினாவ. எங்க அண்ணன் படுத்த படுக்கை, தசைச்சிதைவு. கட்டில் மேல பெஞ்சு போட்டு, பெஞ்சு மேல அவனைப் படுக்க வச்சிருந்தோம். மாடிக்குத் தூக்க என்னால ஏலல. ஹெலிகாப்டர் சோத்துப் பொட்டலத்தை மாடியில போட்டுட்டுப் போச்சு. மேல போய் எடுத்து, கீழ வந்து ஊட்டினேன். திரும்ப அந்தச் சத்தம் கேட்டப்ப அண்ணன், "நான் இங்க இருக்கேன்னு அவங்களுக்கு எப்படிடா தெரியும்"னு கேட்டான்.

ஓய்வு_தலைமையாசிரியர்
என் மனைவிக்குப் பார்வை இல்லை. 2015-ல் நாங்கள் முதல் மாடியில் இருந்ததால் தப்பித்தோம். நிற்க, எல்லோரும் புலம்புகிறீர்களே தவிர சட்டத்தை யாரும் படிக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 8. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2019-லேயே இதற்கென வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியிட்டுவிட்டது. எனவே மழை வந்தபின் கத்தாமல், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். என் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, எனக்கான முகாம் எது, அங்கே சாய்தளமும் வெஸ்டர்ன் கழிப்பறையும் உண்டா என்று மனுவாகவே கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல், ஒரு வாரத்து மாத்திரை, மருந்துச் சீட்டு எல்லாம் ஜிப் கவரில் இருக்கட்டும். ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள் கரண்டை நம்பாமல் சிலிண்டர் ஏற்பாடு செய்யுங்கள். விசில் ஒன்று கழுத்தில் தொங்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070, இரண்டையும் போனில் சேமியுங்கள்.

நாகை_பொண்ணு
சார், மனு விஷயம் சரி. எங்கப்பா 1077-க்குப் போன் பண்ணி என்ன பேசுவார்? விசில் ஊதுவார், பதிலுக்கு யாராவது கூப்பிட்டா அது அவருக்கு எப்படித் தெரியும்? டார்ச் லைட்டையும் சேர்த்துக்கங்க.

தற்காலிக_ஊழியர்
பதிவேடுன்னு சார் சொன்னதால எழுதுறேன். ஊர் பேர் வேண்டாம், ஒரு நகராட்சில ஒப்பந்தத்துல இருந்தேன். புயல் எச்சரிக்கை வந்ததும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை பட்டியலைக் கையில குடுத்து எல்லாருக்கும் போன் போடச் சொன்னாங்க. பாதி நம்பர் உபயோகத்துல இல்ல. ஒரு வீட்ல ஒரு பாட்டி எடுத்தாங்க. பட்டியல்ல இருந்த பேரைச் சொல்லிக் கேட்டா, "அவர் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சுப்பா"ன்னாங்க. சரி, பேரை அடிச்சிடலாம்னு பேனாவை எடுத்தேன். "ஏம்ப்பா, எனக்கும் இப்ப கண்ணு சுத்தமா தெரியல. என்னைக் கூட்டிட்டுப் போக வருவீங்களா?"ன்னு கேட்டாங்க.

பட்டியல்ல அவங்க பேர் இல்ல. பட்டியல்ல இருக்கிறவங்களுக்குத்தான் வண்டி. அடிச்ச பேருக்குப் பக்கத்துலயே பாட்டி பேரைப் பேனாவுல எழுதிக் குடுத்தேன். வண்டி போச்சு.

ஓய்வு_தலைமையாசிரியர்
நல்ல காரியம் செய்தீர்கள். பிறகு அந்த அம்மாவுக்கு யுடிஐடி எடுத்துக் கொடுத்தீர்களா இல்லையா?

தற்காலிக_ஊழியர்
சொன்னேன் சார். சர்டிபிகேட்டுக்கு கண் டாக்டர் முன்னாடி போய் உட்காரணும், கூட்டிட்டுப் போக ஆள் இல்லன்னாங்க. மழை முடிஞ்சதும் என் ஒப்பந்தமும் முடிஞ்சது. அடுத்த வருஷப் பட்டியல்ல பாட்டி பேர் டைப் ஆயிருக்கான்னு அங்க இப்ப இருக்கிறவங்ககிட்ட கேட்டிருக்கேன், பதில் வரல.