ஓஇசி பயிற்சி: வகுப்பில் சரி, பனியில் சறுக்கல். வெளிப்பயிற்சி நாளை எப்படி அமைப்பது?

மிச்சிகன்வாசி (கேள்வி):

அமெரிக்கப் பனிச்சறுக்கு மலைகளில் அடிபட்டவர்களுக்கு உதவும் நேஷனல் ஸ்கை பேட்ரோலின் ஓஇசி, அதாவது வெளிப்புற அவசர சிகிச்சை வகுப்பு ஒன்றில் உதவிப் பயிற்றுநராக இருக்கிறேன். மாணவர்கள் எட்டுப் பேர். உள்ளரங்கில் எல்லோரும் நன்றாகவே செய்கிறார்கள். மதிப்பீட்டு வரிசை மனப்பாடம், ஸ்ப்ளின்ட் (முறிந்த எலும்பை அசையாமல் தாங்கும் கட்டு) கட்டுவதும் சுத்தம். மலை திறப்பதற்கு முன் பனியில் ஒரே ஒரு முழுநாள் கிடைக்கும். பயிற்றுநர் மூவர், மீட்பு ஸ்லெட் இரண்டு.

அந்த ஒரு நாளில் எந்தக் காட்சிகளை வைப்பது? தொடை எலும்பு முறிவுக்குச் சரிவிலேயே, காலை நீட்டி இழுத்து வைக்கும் டிராக்‌ஷன் ஸ்ப்ளின்ட் போடச் சொல்லிக்கொடுக்கலாமா, அல்லது இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி உடனே இறக்கச் சொல்லலாமா? இதில் எங்கள் பயிற்றுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. அடுத்தது, நோயாளியை ஸ்லெட்டில் ஏற்றுவது ஓஇசி பாடமா, ஸ்லெட் ஓட்டும் ஓஇடி பாடமா? இரண்டு பக்கமும் மற்றவர் சொல்லித்தருவார் என்று விட்டுவிடுகிறார்கள்.

டெலிமார்க் தாத்தா:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தொடை முறிவுக் காட்சி ஒன்றை ஒழுங்காக நடத்தினால் மற்றவையும் அதிலேயே அடங்கிவிடும்.

தொடை எலும்பின் நடுப்பகுதி மட்டும் முறிந்து, ஆள் நிலையாக இருந்தால் டிராக்‌ஷன் போடலாம். அதே காலில் இடுப்பு மூட்டு, முழங்கால், கணைக்கால், கணுக்கால் எதிலாவது காயம் இருந்தாலோ, இடுப்பெலும்பில் சந்தேகம் இருந்தாலோ, கால் பாதி அறுந்திருந்தாலோ கூடவே கூடாது. வேகமாக வந்து மரத்தில் மோதியவருக்குத் தொடை மட்டும்தான் போயிருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஒரு தொடைக்குள்ளேயே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ரத்தம் தேங்கலாம். தோல் வெளிறி, நாடி வேகமாகி, நினைவு மங்கத் தொடங்கினால் உட்கார்ந்து ஸ்ப்ளின்ட் கட்ட நேரமில்லை. கால்களுக்கிடையே போர்வையை மடித்து வைத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி, பலகையோடு ஏற்றி இறக்கிவிட வேண்டும். ஆகவே மாணவர்களுக்கு இரண்டு அட்டை தயார் செய்யுங்கள். காயம் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் நாடி 88, தோல் சூடாக, பேச்சு தெளிவாக. மற்றொன்றில் நாடி 130, தோல் குளிர்ந்து ஈரமாக, கேள்விக்குத் தாமதமாகப் பதில். எந்த அட்டை யாருக்கு என்று சொல்லாதீர்கள். உங்கள் பயிற்றுநர்களின் வாதமும் அங்கேயே தீரும்.

டிராக்‌ஷன் ஸ்ப்ளின்டில் ஹேர் என்ற வகை என்றால் வரிசை இது: காலை அசையாமல் பிடி, பூட்ஸைக் கழற்று, பாதத்தில் ரத்த ஓட்டம், அசைவு, உணர்ச்சி மூன்றையும் பார், கணுக்கால் பட்டையைப் போடு, கையால் இழு, ஸ்ப்ளின்டைக் காலுக்கு அடியில் தள்ளி இடுப்புப் பட்டையைக் கட்டு, அதன் பிறகு கொக்கியை மாட்டிச் சுழற்று. கையால் இழுப்பவர் கருவி முழு இழுப்பையும் ஏற்கும்வரை விடக் கூடாது. பட்டைகள் முழங்காலுக்கு மேல் இரண்டு, கீழ் இரண்டு. முறிந்த இடத்தின்மீதும் முழங்கால்மீதும் எதுவும் வேண்டாம். முடிந்ததும் பாதத்தை மறுபடி பார்க்க வேண்டும்; தேர்வில் மறப்பது இதைத்தான்.

சரிவில் இது எங்கே கெடுகிறது? வழவழப்பான ஜாக்கெட்டோடு பனியில் கிடப்பவரைக் காலைப் பிடித்து இழுத்தால் ஆளே சேர்ந்து வருவார். ஒருவர் அக்குளில் பிடித்து எதிர்ப்பிடி கொடுக்க வேண்டும். இழுப்பவர் முதலில் தன் காலுக்கு ஒரு படி வெட்டிக்கொள்ளட்டும், இல்லையென்றால் பாதியில் வழுக்கி விட்டுவிடுவார். ஹேரைக் காயமில்லாத காலோடு வைத்து அளந்து, பாதத்தைத் தாண்டி 20 முதல் 30 செ.மீ. நீட்ட வேண்டும். உயரமான ஆளுக்கு அந்த நீளம் ஸ்லெட்டுக்குள் அடங்குகிறதா என்று மேலே போகும் முன்பே கிடத்திப் பாருங்கள். சேகர் என்ற இன்னொரு டிராக்‌ஷன் வகையில் இந்தத் தொல்லை இல்லை, அது குதிகாலோடு முடிகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, ஒரு காலுக்கு அதிகபட்சம் 7 கிலோ என்று அளவுகோலையே பார்த்து இழுக்கலாம், தனியாளாகவும் போடலாம்.

இனி ஏற்றுவது. யார் பாடம் என்ற சண்டை வேண்டாம், ஓஇசி நாளிலேயே செய்துவிடுங்கள். பொது விதி: காயம்பட்ட பக்கம் மேட்டை நோக்கி இருக்க வேண்டும். கால் காயத்துக்குக் கால் மேலே, தலை கீழே. தலைக் காயத்துக்கும் மூச்சுத் திணறலுக்கும் தலை மேலே. ஸ்லெட்டின் கைப்பிடிப் பக்கம்தான் இறங்கும்போது முன்னால் போகும். நோயாளி சரிவுக்குக் குறுக்கே கிடக்கிறார், ஸ்லெட்டும் குறுக்கே நிற்கிறது என்றால், கால் காயக்காரருக்குக் கைப்பிடிகள் அவர் தலைப் பக்கம் இருக்க வேண்டும். இதை யோசிக்காமல் ஸ்லெட்டை நிறுத்திவிட்டு, ஏற்றிக் கட்டிய பிறகு ஆள் தலைமாற்றிக் கிடப்பதைக் கண்டுபிடிப்பது எல்லா வகுப்பிலும் நடக்கும் கூத்து. ஸ்லெட் வந்து நிற்கும் முன்பே ‘தலை எந்தப் பக்கம்?’ என்று தலைவர் உரக்கச் சொல்ல வேண்டும். நின்றதும் பிரேக் சங்கிலியைப் போட்டு, ஏற்றி முடியும்வரை ஒருவர் ஸ்லெட்டிலிருந்து கையை எடுக்கக் கூடாது.

ஆக்சிஜன் அறை:

தாத்தா சொன்னதோடு குளிர் சங்கதிகள் கொஞ்சம்.

உறைநிலைக்குக் கீழே ஒட்டுநாடா ஈரத் துணியில் ஒட்டாது. எல்லாவற்றையும் முக்கோணக் கட்டுத்துணியால் முடிச்சுப் போடப் பழக்குங்கள். பால்பாயின்ட் பேனா எழுதாது, பென்சில் வேண்டும். குளுக்கோஸ் பசை பையில் இறுகிவிடும், உள்சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் குளிர்ந்த விரலில் தப்பான எண் காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. அந்த எண்ணை நம்பி முடிவெடுப்பவருக்கு மதிப்பெண் குறையுங்கள்.

ஆக்சிஜன் கணக்கை எல்லோரும் பனியில் நின்றே போட வேண்டும். டி அளவுச் சிலிண்டருக்குக் காரணி (ஒரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு எத்தனை லிட்டர் என்பது) 0.16, மிச்சம் விடவேண்டியது 200 பிஎஸ்ஐ. அளவி 2,000 காட்டினால் 1,800 × 0.16 = 288 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் 19 நிமிடம்தான் வரும். ஸ்லெட் வரவே 10 நிமிடம் ஆகும் சறுக்கு ஓடுபாதையில் இரண்டாவது சிலிண்டரை முதல் ரேடியோ அழைப்பிலேயே கேட்டுவிட வேண்டும். இன்னொன்று: அறைச் சூட்டில் 2,000 காட்டிய அதே சிலிண்டர் −15 டிகிரியில் 1,750ஐ ஒட்டிக் காட்டும். வாயு எங்கும் போகவில்லை. கசிவு என்று நினைத்து ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டி நேரம் கழிப்பதைப் பார்க்கலாம்.

உடல் பரிசோதனையில் ஒரு ஜிப்பைத் திற, பார், மூடு, பிறகு அடுத்தது. வகுப்பறைப் பழக்கத்தில் எல்லா ஜிப்பையும் ஒரேயடியாகத் திறந்து போடுவார்கள். அடியில் விரிப்பு போடாமல் மேலே மட்டும் போர்வை போர்த்துவதும் அதே ரகம். பனி கீழிருந்துதான் சூட்டை உறிஞ்சும்.

மிச்சிகன்வாசி:

மிக்க நன்றி. இரண்டு அட்டை யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். டிராக்‌ஷனுக்கு பூட்ஸைக் கழற்றுவது சரி. பூட்ஸின் மேல்விளிம்பை ஒட்டிக் கணைக்கால் முறிந்திருந்தால்? பாதத்தின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கக் கழற்ற வேண்டும் என்று ஒரு மாணவர் விடாமல் வாதாடுகிறார்.

கல்கரித் தமிழன்:

கனடா ஸ்கை பேட்ரோலுக்குப் பாடத்திட்டம் வேற, ஓஇசி இல்லை. ஆனா இந்த விசயத்தில வித்தியாசம் பெரிசா இல்லை.

விளிம்பு முறிவெண்டால் பூட்ஸைக் கழட்ட வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் கோதே பாதத்துக்கும் கணுக்காலுக்கும் ஸ்ப்ளின்ட் மாதிரி நிக்குது. கழட்டுறதெண்டால் முறிஞ்ச இடத்தை வளைக்காமல் முடியாது. விரலை ஆட்டச் சொல்லுங்கோ, விரலை உணரேலுமோ எண்டு கேளுங்கோ. அசைவும் உணர்ச்சியும் தெரிஞ்சிடும். ரத்த ஓட்டம் தெரியாது. ‘பூட்ஸ் போட்டபடி, நாடி பார்க்கேல்லை’ எண்டு கையளிக்கேக்க சொல்லவேணும். அதைச் சொல்லாமல் ‘சிஎம்எஸ் சரி’ எண்டு, ரத்த ஓட்டம், அசைவு, உணர்ச்சி மூண்டும் சரி எண்ட மாதிரி எழுதிற ஆக்கள்தான் கூட.

பூட்ஸுக்குள்ள இரத்தம் ஓடுது எண்டு தெரிஞ்சாலோ, விறைப்பு நேரத்தோட கூடிக்கொண்டு போனாலோ கதை வேற. அப்ப ஒராள் கணைக்காலை ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிக்க, மற்றாள் பக்கிள் எல்லாத்தையும் மேல்பட்டியையும் முழுசாத் திறந்து, நாக்கை முன்னுக்கு இழுத்து, கோதை ரெண்டு பக்கமும் விரிச்சு, குதியை முதல் எடுக்கவேணும். குளிரில பிளாஸ்டிக் இறுகியிருக்கும், ஒரு ஆளின்ட கை காணாது. பழைய பூட்ஸ் ஒண்டைக் கொண்டுவந்து ராத்திரி வெளியில வைச்சிட்டுக் காலமை பழகக் குடுங்கோ. அறைக்குள்ள இருந்த பூட்ஸில பழகிறது பழக்கமே இல்லை.

காலைப் பெட்டி மாதிரி மூடுற குயிக் ஸ்ப்ளின்டுக்கு மூண்டு பேர். ஒராள் பூட்ஸின்ட குதியையும் நுனியையும் பிடிச்சு நேர்கோட்டில மெல்லிய இழுவை, மற்றாள் முறிவுக்கு மேலயும் கீழயும் தாங்க, மூண்டாமாள் பெட்டியைக் கீழால தள்ளுறது. பெட்டிக்குள்ள இருக்கிற வெற்றிடத்தைப் போர்வையால நிரப்பாட்டில் முதல் மேட்டிலயே கால் உள்ளுக்க ஆடும்.

வெள்ளைச்சரிவு:

எல்லாம் நல்ல விவரங்கள். தாத்தா சொன்னதற்கு ஒரே ஒரு இடத்தில் எல்லை வைப்பேன். ஏற்றுவது சரி, அதற்கு மேல் ஸ்லெட்டை அந்த நாளில் சரிவில் ஓட்ட விடாதீர்கள். ஏற்றிக் கட்டியதும் சமதளத்தில் பத்து மீட்டர் இழுத்து, எந்தப் பட்டை தளர்ந்தது, எந்தப் பட்டை முறிவின் மேல் போகிறது என்று பார்த்தால் போதும். ஆளை வைத்து இறக்குவது ஓஇடியில் வரட்டும்.

நால்வராக இரண்டு குழு போடுங்கள். காட்சிக்கு 20 நிமிடம், பேச்சுக்கு 10. தலைவர் ஒவ்வொரு காட்சிக்கும் மாற வேண்டும். எல்லாவற்றையும் விபத்துக் காட்சியாக வைக்காதீர்கள். லிஃப்ட் வரிசையில் நெஞ்சு வலிக்காரர் ஒருவரும், குழப்பமாகப் பேசும் நீரிழிவுக்காரர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். எலும்பையே தேடிப் பழகியவர்கள் இந்தக் காட்சிகளில் திணறுவார்கள். நேரம் மிஞ்சினால் உடல்வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே போனவர் என்று ஒரு காட்சி. முரட்டுத்தனமாகத் தூக்கினாலே இதயத் துடிப்பு சீர்கெடலாம். நாடியை ஒரு நிமிடம் வரை பொறுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். பாடத்தில் விட்டுப்போன மற்றதெல்லாம் ஆண்டுதோறும் ஏ, பி, சி என்று மூன்று வருடச் சுற்றில் வரும் புத்தாக்கப் பயிற்சியில் கிடைக்கும். ஒரே நாளில் புத்தகத்தையே முடிக்கப் பார்க்க வேண்டாம்.

நோயாளியாக நடிப்பவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அடியில் நுரைப்பாய், ஒரு காட்சிக்கு மேல் தொடர்ந்து கிடத்தக் கூடாது. உண்மையாகவே வலி அல்லது குளிர் என்றால் சொல்ல ஒரு சொல்லை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ‘ஐயோ வலிக்குது’ என்பதை நடிப்பு என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். காட்சி நடக்கும் இடத்துக்கு மேலே இரண்டு ஸ்கைகளைக் குறுக்காக நட்டு வையுங்கள். பயிற்சிதானே என்று இதை விட்டால் மேலிருந்து வருபவருக்குத் தெரியாது.

ரேடியோ அழைப்பையும் மதிப்பிடுங்கள். ஓடுபாதையின் பெயர், எந்தப் பக்கம், எந்த லிஃப்ட் தூணுக்கு மேலே அல்லது கீழே, தோராய வயது, காயம், வேண்டிய கருவி, எத்தனை ஆள். இவ்வளவும் ஒரே மூச்சில் வர வேண்டும். கருவியின் பெயரைச் சொல்லாமல் ‘ஸ்லெட் அனுப்புங்கள்’ என்று மட்டும் சொன்னால், ஸ்லெட்டை மட்டும் அனுப்புங்கள். டிராக்‌ஷன் ஸ்ப்ளின்ட் இல்லாமல் நிற்கட்டும்.

சாயங்காலம் ஸ்லெட் பொதியை மறுபடி அடுக்கும் வேலையையும் மாணவர்களிடமே விடுங்கள். பட்டைகளை முறுக்கில்லாமல், கொக்கி மேலாக, முதலில் வேண்டியது மேலே வருமாறு அடுக்கட்டும். பயிற்றுநர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த பிறகே ஸ்லெட்டை மலைக்கு அனுப்ப வேண்டும்.