நானே செய்த சுத்தியலால் அடித்தால் தகடு முழுக்கப் பிறைத் தடம், என்ன தப்பு?

தக்கலைக்காரன்: வணக்கம். தொழிலுக்கு எலக்ட்ரிக்கல் வேலை, இது ஆசைக்குச் செய்வது. அப்பாவின் பழைய பைக்குக்கு முன் மட்கார்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, கடையில் கிடைப்பது பொருந்தவில்லை, சரி நாமே அடித்துப் பார்ப்போம் என்று 20 கேஜ் கனத்தில் சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய இரும்பு) தகடு வாங்கினேன். கருவிகளும் சொந்தமாகத்தான். அரைக் கிலோ சுத்தியலின் முகத்தை ஆங்கிள் கிரைண்டரில் உருட்டினேன். கொட்டாப்புளிக்கு, அதாவது மரச் சுத்தியலுக்கு, வீட்டில் கிடந்த ரப்பர் மரத்துண்டு. நாகர்கோவிலில் பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று எடுத்து, கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் கைப்பிடியை வளைத்து, ஸ்லாப்பர் (தகட்டைத் தட்டிச் சமப்படுத்தும் பட்டைக் கருவி) செய்து வாளித் தண்ணீரில் முக்கினேன். ‘கிண்’ என்று ஒரு சத்தம் வந்தது.

இப்போது பிரச்சினை இரண்டு. சுத்தியல் படும் இடமெல்லாம் நகத்தால் கீறிய மாதிரி பிறைத் தடம். அப்புறம் தகட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ‘டொக்’ என்று உள்ளே போய், விட்டால் ‘டொக்’ என்று வெளியே வருகிறது. ஸ்லாப்பரின் வளைவில் மயிரிழை மாதிரி ஒரு கோடும் தெரிகிறது. அது விரிசலா?

மார்த்தாண்டம் வாசகன்: பிறை எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இருக்கிறதா, கலந்து கிடக்கிறதா? அடியில் என்ன வைத்து அடிக்கிறீர்கள்?

தக்கலைக்காரன்: ஒரே பக்கம்தான் அண்ணே, எல்லாம் இடப்பக்கம் திரும்பி. அடியில் ஒரு கனமான இரும்புத் தகடு.

கோட்டாறு பட்டறை: தம்பி, நான் முப்பது வருஷமாக டிங்கரிங் வேலை பார்க்கிறேன். அந்தக் கோடு விரிசல்தான், முதலில் ஸ்லாப்பரைத் தூக்கிப் போடு. ஸ்பிரிங் பட்டையில் கார்பன் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும், பழுத்ததைத் தண்ணீரில் முக்கினால் குளிரும் வேகத்தைத் தாங்காமல் வெடிக்கும். பதம் ஏற்றிக் கடினமாக்க வேண்டுமென்றால் எண்ணெயில்தான். ஆனால் உனக்குப் பதமே தேவையில்லை, பட்டை வரும்போதே பதத்தோடுதான் வருகிறது. லேசாக வளைந்த பட்டையாகப் பார்த்து எடு, சூடாக்காமல் வெட்டு, கிரைண்டர் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தொட்டுக்கொள். இரும்பில் நீல நிறம் ஏறினால் சுமார் 300 டிகிரி வந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் போனால் பதம் இறங்கத் தொடங்கிவிடும். கைப்பிடியை வெல்டு வைத்து ஒட்டாதே, ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே முறியும். பட்டையையே நீளமாக விட்டு, பழைய சைக்கிள் டியூபைச் சுற்று, கை வலிக்காது.

பிறைக்கு வருகிறேன். எல்லாம் ஒரே பக்கம் என்றால் சுத்தியலின் முகம் மட்டும் காரணமில்லை, நீ அடிக்கும்போது அது சாய்ந்து விழுகிறது, ஓரம் முதலில் படுகிறது. முகத்தில் மார்க்கர் மை பூசிப் பழைய தகட்டில் பத்து அடி அடித்துப் பார். மை நடுவில் தேய்ந்திருந்தால் சரி, ஓரத்தில் தேய்ந்திருந்தால் அங்கே இன்னும் உருட்ட வேண்டும். அப்புறம் பளபளப்பு. கிரைண்டர் விட்ட கோட்டை அப்படியே விட்டால் ஒவ்வொரு அடியிலும் அது தகட்டில் பதியும், தகடு எதையும் மறைக்காது. 80, 120, 220, 400, 600 என்று உப்புத்தாளை வரிசையாக மாற்று, ஒவ்வொரு தாளுக்கும் திசையைக் குறுக்கே மாற்றினால் முந்தின கோடு போய்விட்டதா என்று தெரியும். கடைசியில் பஃப் சக்கரத்தில் மெருகு. நகத்தை இழுத்தால் வழுக்க வேண்டும்.

குளச்சல் ஆசாரி: ரப்பர் மரம் மெத்தென்றது, இரண்டே நாளில் முகம் பஞ்சாகிவிடும். புளிதான் பார்க்க வேண்டும். கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் போடுவார்களே, அதே மரம். கட்டையை நிறுத்திவைத்து, மேலே தெரியும் வெட்டு முகத்தில் ஆழமில்லாமல் ஒரு குழி தோண்டிக்கொள்ளுங்கள். தகட்டைக் குழியின் மேல் பிடித்து ஓரத்திலிருந்து உள்ளே அடித்து வாருங்கள், இரும்பின் மேல் வைத்து அடிக்கவே வேண்டாம்.

தக்கலைக்காரன்: மணல் பையும் தைக்கலாம் என்று நினைத்தேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணல் நல்ல கனமாக இருக்குமே, அது ஆகுமா?

குளச்சல் ஆசாரி: அய்யோ மக்கா, அதைத் தொடாதே! அதில் இல்மனைட் என்ற தாதுவோடு மோனசைட்டும் இருக்கிறது, மோனசைட் என்றால் கதிர்வீச்சுள்ள தோரியம். மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே எடுக்கிற மணல் அது. நமக்கு வேறு எந்தக் கடல் மணலும் ஆகாது, உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு பையையும் தகட்டையும் கெடுக்கும். ஆற்று மணலைக் கழுவி, காயவைத்துச் சலித்துப் போடு, கெட்டித் தோல் பையில் முக்கால்வாசி நிரப்பினால் போதும்.

மார்த்தாண்டம் வாசகன்: டாலிக்கு, அதாவது தகட்டின் அடியில் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டைக்கு, தண்டவாளத் துண்டு தேடிப் போய்விடாதீர்கள். ரயில்வேக்குச் சொந்தமான இரும்பைக் கணக்குக் காட்ட முடியாமல் வைத்திருந்தால் 1966 சட்டத்தின்படி குற்றம். லாரி ஆக்சில் துண்டு ஒன்றை லேத்தில் கொடுத்து உருட்டச் சொன்னால் முடிந்தது.

கோட்டாறு பட்டறை: ‘டொக்’ பற்றிச் சொல்லாமல் விட்டேன். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் தகடு மாட்டினால் மெலிந்து பரவும், நடுவில் இடம் போதாமல் அது குதிக்கும். இனி அடித்தால் கூடும், குறையாது. மேடான இடத்தில் பழைய நாலணா அளவுக்குப் பழுக்கக் காய்ச்சி, அடியில் டாலி கொடுத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி, ஈரத் துணியை வை, சுருங்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்யாதே. ஜிங்க் பூசிய ஜி.ஐ. தகட்டில் இதை முயலாதே, ஜிங்க் புகை ஏறினால் இரவு காய்ச்சல் வரும்.

தக்கலைக்காரன்: மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். மார்க்கர் மை முழுக்க இடது ஓரத்தில்தான் தேய்ந்திருந்தது! ஓரத்தை உருட்டினேன், சுத்தியலின் கைப்பிடி லேசாகத் திரும்பியிருந்ததையும் சரிசெய்தேன். பிறை போய்விட்டது. புதுப் பட்டையை வெட்ட முழு ஞாயிறு போனது, ஆனால் நீலம் ஏறவே இல்லை. ‘டொக்’ இரண்டு இடத்தில் நின்றது, ஒரு இடத்தில் பாக்கி இருக்கிறது. இன்னொன்று, மட்கார்டு ஓரத்தை 3 மி.மீ. கம்பி வைத்து மடக்க வேண்டும், தகட்டை எவ்வளவு கூடுதலாக விடுவது?

கோட்டாறு பட்டறை: கம்பி விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு, ஏழரை மி.மீ. வரும். முதலில் ஒரு துண்டில் மடக்கிப் பார்த்துவிட்டு வெட்டு. சுத்தியலில் மெஷின் எண்ணெய் தடவி வை. தேங்காய் எண்ணெய் தடவாதே, சிக்குப் பிடிக்கும், நம் ஊர் மழைக்குத் துருவையும் தடுக்காது.