பிரிகிறோம், மகளுக்கு நான் சட்டப்படி யார்?
வணக்கம். நானும் என் துணைவியும் பிரிகிறோம். மகளுக்கு 5 வயது. விந்து தானம் மூலம் கருத்தரித்துப் பெற்றது துணைவி. பிறந்த நாளிலிருந்து சேர்ந்தே வளர்த்தோம். எங்கள் திருமணம் பதிவாகவில்லை. நான் தத்தெடுக்கவும் இல்லை, அப்போது அது தேவையென்றே தோன்றவில்லை.

பிறப்புச் சான்றிதழில் பெயர் இருப்பதைவிட நீதிமன்றத்தின் தத்து ஆணைதான் உறுதியாம். எனக்கு இரண்டுமே இல்லை. வளர்த்தவரையும் பெற்றோராக ஏற்கும் நீதிமன்றங்கள் உண்டு என்பதால் பள்ளி, மருத்துவப் பதிவுகளைச் சேர்த்து வருகிறேன்.

மாதாமாதம் பராமரிப்புத் தொகை தர நான் தயார். ஆனால் பணம் கொடுப்பதாலேயே பெற்றோர் உரிமை வந்துவிடாதாமே? சரி, பிரிந்த பிறகும் துணைவி சம்மதித்தால் தத்தெடுக்க முடியுமா? எங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லுமா?

இதைக் கடந்து வந்தவர்கள், குடும்பநல வழக்கறிஞர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ராத்திரி நான் கதை சொல்லாமல் என் மகள் தூங்கமாட்டாள்.