ஹேண்ட்மேட் பேப்பர் சுருட்டி கொலாஜ்: ரோல் பிரியாம இருக்க என்ன வழி?

மீனு_கைவேலை:
பாண்டிச்சேரி போனப்ப அரவிந்தர் ஆசிரமத்து ஹேண்ட்மேட் பேப்பர் ஃபேக்டரியில கலர் கலரா ஷீட் வாங்கிட்டு வந்தேன், பூ இதழ் பதிச்சதும் இருக்கு. இதை சின்னச் சின்ன குழலா சுருட்டி நெருக்கமா அடுக்கி ஹால் சுவருக்கு ஒரு கொலாஜ் பண்ணணும்னு ரொம்ப ஆசை. நடுநடுவுல பாட்டியோட அறுந்த முத்துமாலை, ஒத்தைக் கம்மல், பழைய பட்டுப்புடவை பார்டர் எல்லாம் வைக்கணும். ஆனா பேப்பர் தடியா இருக்கு, சுருட்டி விட்டா உடனே விரிஞ்சுக்குது. எந்தப் பசை, அடியில எந்த போர்டு? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

விஜி_மதுரை:
மீனு, அது பருத்தித் துணிக் கழிவுல செய்யற பேப்பர்மா, 1959லேர்ந்து அங்க செய்யறாங்க. நார் பலமா இருக்கும், அதனால லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டா துணி மாதிரி வளையும். கத்தரியால வெட்டாதே. ஸ்கேல் வச்சு பிரஷ்ஷால தண்ணில ஒரு கோடு இழுத்து, ஊறினதும் மெதுவா கிழி. ஓரத்துல பஞ்சு மாதிரி நார் நீட்டிக்கிட்டு நிக்கும், அந்த ஓரம் ரோலோட வெளிப்பக்கம் கடைசியா வர்ற மாதிரி ஸ்வெட்டர் ஊசில சுருட்டி, அந்த ஓரத்துல மட்டும் ஃபெவிகால் தடவி அழுத்தினா நார் அப்படியே கீழ இருக்கறதோட கலந்துடும், ஒட்டின இடமே தெரியாது, அவ்வளவு அழகா இருக்கும்! ரப்பர் பேண்ட் போட்டா தடம் விழும், நூல் சுத்தி ராத்திரி முழுக்க காய விடு.

செந்தில்_ஃப்ரேம்ஸ்:
அட்டை வேண்டாம் மேடம், ஈரப் பசை பட்டா வளைஞ்சிடும். 3 எம்எம் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) வாங்குங்க, பின்பக்கமும் ஒரு பேப்பர் ஒட்டிட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் இழுவை சமமா இருக்கும். கம்மல் மாதிரி கனமான சாமானுக்கு ஃபெவிகால் நிக்காது, அரால்டைட் (ரெண்டு ட்யூப் கலந்து போடற எபாக்ஸி பசை) போடுங்க. எல்லாம் முடிஞ்சதும் மேல ஸ்ப்ரே வார்னிஷ் ஒரு கோட் அடிச்சா தூசி ஒட்டாது.

விஜி_மதுரை:
வார்னிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம் செந்தில் தம்பி. அந்தப் பேப்பரோட அழகே அதோட சொரசொரப்பும் நாரும்தான், வார்னிஷ் அடிச்சா நார் படிஞ்சு பிளாஸ்டிக் பூ மாதிரி ஆயிடும். அதுக்கு பதிலா கண்ணாடி போட்ட பாக்ஸ் ஃப்ரேம்ல வைக்கட்டும், ரோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு.

மீனு_கைவேலை:
ரொம்ப தேங்க்ஸ்க்கா, தம்பிக்கும் தேங்க்ஸ்! பாக்ஸ் ஃப்ரேமே போட்டுடறேன். குன்றிமணி கொஞ்சம் இருக்கு, சிவப்பும் கருப்புமா அந்த மஞ்சள் பேப்பர் மேல நல்லா எடுத்துக் காட்டும்னு தோணுது, வைக்கலாமா?

தாமரை79:
வீட்ல சின்னக் குழந்தை இருந்தா குன்றிமணி வேண்டாங்க, உடைச்சு மென்னுட்டா கடும் விஷம், ஒட்டினது ஒண்ணு உதிர்ந்தாலும் பயம்தான். மஞ்சாடி விதை போடுங்க, அதே சிவப்பு, இன்னும் பெருசாவும் பளபளப்பாவும் இருக்கும். எந்த விதையா இருந்தாலும் நல்லா வெயில்ல காய வச்சு, ஓட்டை விழுந்ததை பொறுக்கிப் போட்டுட்டு ஒட்டுங்க, இல்லன்னா வண்டு வந்து பேப்பரையும் சேத்து அரிச்சிடும். பட்டு பார்டர் பழசுன்னா மடிப்புல சரிகை இத்துப்போயிருக்கும், பின்னாடி மெல்லிசு காட்டன் துணி ஒட்டி அப்புறம் வெட்டுங்க. ஃப்ரேமை ஜன்னலுக்கு எதிர்ல மாட்டாதீங்க, வெயில் பட்டா கலர் வெளுத்துடும்.