55 ஆகப்போகிறது: சிபிஎஃப் பணத்தை எடுத்துக் காப்புறுதியில் போடலாமா?

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் கப்பல் பட்டறையில் 27 வருடமாக வேலை பார்க்கிறேன். வரும் அக்டோபரில் 55 வயது. சிபிஎஃப் எனும் மத்திய சேம நிதியில் (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) சிறப்புக் கணக்கில் 148,000 வெள்ளி, சாதாரணக் கணக்கில் 160,000 வெள்ளி இருக்கிறது. 2026ல் 55 ஆகிறவர்கள் முதுமைக்கால மாத வருமானத்துக்கென ஒதுக்கும் முழு ஓய்வுக்காலத் தொகை 220,400. அது இரண்டு கணக்கிலிருந்தும் ஓய்வுக்காலக் கணக்குக்குப் போனபின் சாதாரணக் கணக்கில் 87,600 மிஞ்சும்.

மைத்துனர் அறிமுகப்படுத்திய நிதி ஆலோசகர் ஒருவர், "2.5 விழுக்காடு வட்டிக்கு எதற்குப் போட்டு வைக்கிறீர்கள்? 80,000ஐ எடுத்து ஒரே தவணையில் முதலீட்டுக் காப்புறுதி வாங்கிவிடுங்கள்" என்கிறார். நல்ல பையன். இரண்டு முறை வீட்டுக்கு வந்து, என் மனைவிக்கும் புரியும்படி தமிழில் விளக்கினான். அதனாலேயே மறுக்க மனம் வரவில்லை. மாதக் கடைசிக்குள் கையெழுத்து வேண்டுமாம். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, சின்ன மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் வருடம். இந்தப் பணம் போனால் மறுபடி சம்பாதிக்க எனக்கு இன்னொரு 27 வருடம் கிடையாது. என்ன செய்யலாம்?

தெம்பனிஸ் அக்கா:
தம்பி, மாதக் கடைசி என்பது அவருடைய கணக்கு, உங்களுடையது இல்லை. 55க்குப் பிறகு அந்த மிச்சப் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

2011ல் நாங்களும் இப்படித்தான் 50,000 வெள்ளியை ஒரே தவணையில் போட்டோம். மூன்றாவது வருடம் என் வீட்டுக்காரருக்கு இதய அறுவை சிகிச்சை. அவசரத்துக்கு முறித்தபோது 43,000தான் வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியில் முறித்தால் எவ்வளவு வரும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. உங்களுக்கு மகளின் படிப்பு பாக்கி இருக்கிறது. அதை முதலில் யோசியுங்கள்.

பிறகு நான் 1,200 வெள்ளி கட்டணம் கொடுத்து வேறொரு ஆலோசகரிடம் போனேன். அவர் எதையும் விற்கவில்லை. முதல் நாள் முழுக்க, மாதம் எவ்வளவு செலவு, 65ல் சிபிஎஃப் லைஃப் (ஆயுள் முழுக்க மாதத் தொகை தரும் திட்டம்) எவ்வளவு தரும், 70 வரை தள்ளிப்போட முடியுமா என்பதே பேச்சு. ஒவ்வொரு வருடம் தள்ளிப்போடும்போதும் மாதத் தொகை 7 விழுக்காடு வரை கூடும் என்று அவர்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்புறம் கேட்டார்: "நீங்கள் போனபின் பணம் யாருக்கு என்று எழுதும் சிபிஎஃப் நியமனம் எப்போது செய்தீர்கள்?" திருமணத்துக்கு முன் செய்தது, திருமணத்தோடு ரத்தாகிவிடும். எனக்கு அதுவரை தெரியாது. உயில் எழுதினாலும் சிபிஎஃப் பணத்துக்கு அது செல்லாது. நீங்களும் பாருங்கள் தம்பி.

கிளமெண்டி வாசகர்:
அண்ணே, கமிஷன் வாங்குகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்கள் ஏஜென்ட் இரவு பதினொரு மணிக்கு வந்து படிவங்களை நிரப்பிக் கொடுத்தார். ஆனாலும் பாலிசி விளக்கப் படிவத்தில் மொத்த விநியோகச் செலவு என்று ஓர் அட்டவணை இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கும் கம்பெனிக்கும் எவ்வளவு போகிறது என்று தெரியும். நிதி ஆலோசகர்களைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் அவர் பெயரையும் பாருங்கள். கையெழுத்துப் போட்டாலும், பாலிசி கிடைத்த 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். முதலீட்டுப் பாலிசி என்பதால் சந்தை இறங்கியிருந்தால் அந்த நஷ்டம் கழியும்.

ஈசூன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. அந்த அட்டவணையைக் காட்டச் சொன்னேன், காட்டினார். முதல் வருடத் தொகையைப் பார்த்ததும் மனைவி பேனாவை மூடிவிட்டாள். பையன் மேல் கோபமில்லை, தேநீர் குடித்துவிட்டுத்தான் போனான்.

நேற்று பீஷான் சிபிஎஃப் நிலையத்தில் இலவச ஓய்வுக்காலத் திட்டமிடல் சந்திப்புக்குப் போய் முக்கால் மணி நேரம் பேசினோம். சின்னவள் படிப்பு முடியும்வரை 87,600 அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். அப்புறம் நியமனம். 1996ல் அம்மா பெயரில் எழுதியது. 1999ல் எனக்குத் திருமணம், அதனால் இத்தனை வருடமும் அது செல்லாமலே இருந்திருக்கிறது. அம்மா போய் ஆறு வருடமாகிறது. நேற்று இரவே மனைவி பெயரையும் இரண்டு மகள்கள் பெயரையும் இணையத்தில் போட்டேன். சாட்சிக்கு எதிர்வீட்டுச் சீனத் தம்பதி, இரண்டு பேரும் சிங்பாஸில் (அரசாங்க இணைய அடையாளக் கணக்கு) நுழைந்து உறுதி செய்தார்கள்.